பாயிண்ட் தப்பிய பிறகு: அறிவியல் தத்துவத்துக்கு ஓர் எளிய அறிமுகம்

கொங்கு நாட்டில் தன் காட்டுக்குள், அதாவது விவசாய நிலத்தில், போர் (ஆழ்துளைக் கிணறு) போட நினைப்பவர், துளை போடும் ரிக் வண்டிக்காரருக்குப் போன் போடுவதற்கு முன்னால் பாயிண்ட், அதாவது தண்ணீர் கிடைக்கும் இடம், பார்க்க ஆள் தேடுவார். வருபவர் உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்கப்போட்டுக்கொண்டு வரப்பு வரப்பாக நடப்பார். ஓரிடம் வந்ததும் தேங்காய் குடுமியைத் தூக்கி நிமிர்ந்து நிற்கும். “இங்க ரெண்டு நீரோட்டம் கூடுதுங்க. முந்நூறு அடிக்குள்ள ரெண்டு இஞ்ச் தண்ணி கெடைக்குமுங்க” என்பார். தண்ணீர் வரத்தை இங்கே இஞ்சில்தான் சொல்வார்கள். அந்த இடத்தில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் தடவிவிட்டுத்தான் மறு வேலை. தேங்காய்க்குப் பதில் வேப்பங்கவை பிடிப்பவர்களும் உண்டு, செம்புக்கம்பி பிடிப்பவர்களும் உண்டு.

பக்கத்துத் தோட்டத்துக்காரர் நிலவியல் படித்த ஜியாலஜிஸ்ட் ஒருவரைக் கூட்டி வருவார். அவர் நான்கு கம்பிகளை நேர்கோட்டில் மண்ணில் அடித்து, வெளிக்கம்பிகள் இரண்டின் வழியாக மின்சாரம் செலுத்தி, உள்கம்பிகள் இரண்டுக்கும் இடையே மின்னழுத்தத்தை அளப்பார். கம்பிகளைத் தள்ளித் தள்ளி நட்டு அளக்க அளக்க, மேலும் ஆழத்தில் இருக்கும் பாறையின் மின்தடை தெரியவரும். ஈரமான வெடிப்புள்ள பாறையில் தடை குறைவு, வெடிப்பில்லாத கெட்டிப்பாறையில் அதிகம். அதை வைத்து அவரும் ஓரிடத்தைக் காட்டுவார்.

இந்த இரண்டில் எது அறிவியல்?

கம்பி அடித்ததுதான் என்று பலரும் உடனே சொல்லிவிடுவார்கள். ஏன் என்று கேட்டால்தான் சிக்கல். கருவி இருப்பதால் என்றால், மினுக்கு விளக்கு வைத்த ஏதோ ஒரு பெட்டியைத் தேங்காய்க்காரரும் வாங்கிக்கொள்ளலாம். படித்தவர் சொல்வதால் என்றால், படித்தவர்கள் கூட்டமாகத் தவறிய கதைகள் நிறைய. தண்ணீர் வருவதால் என்றால், இரண்டு பேர் சொன்ன இடத்திலும் தண்ணீர் வந்திருக்கிறது, இரண்டு பேர் சொன்ன இடத்திலும் தண்ணீர் இல்லாமல் வெறும் பாறைத்தூள் புகை கிளம்பியிருக்கிறது. அப்படியானால் வேறுபாடு எங்கே இருக்கிறது? இந்தக் கேள்வியைக் கையில் எடுக்கும் துறைக்குத்தான் அறிவியல் தத்துவம் என்று பெயர். அது தண்ணீரையும் தேடாது, கோளையும் கண்டுபிடிக்காது. ஒரு கூற்றை நம்புவதற்கு நமக்கு என்ன ஆதாரம், அந்த ஆதாரம் எவ்வளவு தூரம் தாங்கும் என்று பார்க்கும்.

வற்றாத கிணறு

“எங்க அப்பாரு காலத்துல இருந்து வத்தாத கெணறுங்க இது.” கொங்கு ஊர்களில் இப்படிச் சொல்லப்பட்ட எத்தனையோ கிணறுகளின் அடியில் இன்று கருவேலம் முளைத்திருக்கிறது. சொன்னவர்கள் பொய் சொல்லவில்லை. ஐம்பது அறுபது வருடக் கோடையைப் பார்த்து, இனிமேலும் இப்படித்தான் என்று முடிவு கட்டினார்கள். நாம் எல்லோரும் நாள் முழுக்கச் செய்வதும் இதையேதான். இதுவரை நடந்ததிலிருந்து இனி நடக்கப்போவதை ஊகிக்கும் இந்த முறைக்குத் தொகுத்தறிதல் என்று பெயர்.

ஸ்காட்லாந்துத் தத்துவவாதி டேவிட் ஹியூம் (1711–1776) இதன் அடிமடியிலேயே கைவைத்தார். இதுவரை நடந்தது இனியும் நடக்கும் என்பதற்கு என்ன நியாயம்? இயற்கை எப்போதும் ஒரே மாதிரி நடந்துகொள்கிறது என்பீர்களா? அது எப்படித் தெரியும்? இதுவரை அப்படித்தான் நடந்துகொண்டது என்பீர்கள். எதற்கு நியாயம் கேட்டோமோ அதையே நியாயமாகக் காட்டுகிறோம். சுற்றிச் சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடுகிறோம்.

வற்றாத கிணறு ஏன் வற்றவில்லை என்று கேட்டிருந்தால் கொஞ்சம் முன்னதாகவே விழித்திருக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் கிடக்கிற பூமி இது. அடியில் இருப்பது நீரை உறிஞ்சி வைத்துக்கொள்ளாத கெட்டிப்பாறை. மேலே சிதைந்த பாறை அடுக்கு ஒன்றும், அதற்குக் கீழே அங்கங்கே வெடிப்புகளும் உண்டு. தண்ணீர் நிற்பது அவற்றில்தான். சுற்றிலும் ஆழமாகப் போர் இறங்கினால் கிணற்று நீர் கீழே போகத்தான் செய்யும். எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதைவிடக் காரணத்தைப் பார்ப்பது மேல். ஆனால் ஹியூம் அங்கேயும் விடமாட்டார். அந்தக் காரணத்தையும் பழைய அனுபவத்திலிருந்துதானே எடுத்தீர்கள் என்பார். இதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட பதில் இன்றுவரை கிடையாது. இந்தத் துறையில் எதைப் படித்தாலும் இந்தக் கேள்வியை மறக்காமல் படிப்பது நல்லது.

பாப்பரின் கேள்வி

வியன்னாவில் பிறந்த தத்துவவாதி கார்ல் பாப்பர் வேறு பக்கத்திலிருந்து வந்தார். 1919-ல் அவருக்கு 17 வயது. அந்த ஆண்டு மே மாதச் சூரிய கிரகணத்தின்போது ஆங்கிலேய வானியலாளர் ஆர்தர் எடிங்டனின் குழு ஆப்பிரிக்கக் கரையோரத் தீவு ஒன்றிலும், இன்னொரு ஆங்கிலேயக் குழு பிரேசிலிலும் விண்மீன்களைப் படம் எடுத்தன. சூரியனை ஒட்டி வரும் ஒளி இவ்வளவு வளைய வேண்டும் என்று ஐன்ஸ்டைன் முன்கூட்டியே எண் சொல்லியிருந்தார். நியூட்டன் வழிக் கணக்குப்படி அதில் பாதிதான் வரும். வேறு அளவு வந்திருந்தால் ஐன்ஸ்டைனின் கொள்கை அங்கேயே அடிபட்டிருக்கும். அளந்தார்கள், ஐன்ஸ்டைன் பக்கம் வந்தது.

அதே காலத்து வியன்னாவில் பேசப்பட்ட உளவியல் கொள்கைகளைப் பாப்பர் இதோடு ஒப்பிட்டார். ஒருவன் குழந்தையை ஆற்றில் தள்ளினாலும் அந்தக் கொள்கையில் விளக்கம் இருந்தது. இன்னொருவன் அதே குழந்தையைக் காப்பாற்றக் குதித்தாலும் அதே கொள்கையில் விளக்கம் இருந்தது. மற்றவர்கள் அதைப் பலம் என்றார்கள். பாப்பருக்கு அதுதான் பலவீனமாகப் பட்டது. எது நடந்தாலும் பொருந்துகிற கொள்கை, எது நடக்காது என்பதைச் சொல்வதே இல்லை. 1934-ல் வெளிவந்த தன் நூலில் அவர் வைத்த அளவுகோல் இதுதான்: எது நடந்தால் உங்கள் கூற்று பொய் என்று ஒப்புக்கொள்வீர்கள்? இதற்குப் பதில் இருந்தால்தான் அது அறிவியல் கூற்று. ஆயிரம் சாட்சி சேர்ந்தாலும் ஒரு பொதுவிதி முழுதாக நிரூபணம் ஆகாது. எதிர்ச்சாட்சி ஒன்று போதும், விதி ஆட்டம் காணும்.

இதை எடுத்துக்கொண்டு போர் போட்ட காட்டுக்குப் போவோம். எண்ணூறு அடி போயும் புகைதான் வருகிறது. பாயிண்ட் பார்த்தவரிடம் கேட்கிறோம். “கல்லு நட்ட எடத்துல இருந்து ரெண்டடி தள்ளிப் போட்டுட்டாங்களே.” “ஓட்டம் இருந்துதுங்க, பக்கத்து போர்க்காரன் இழுத்துட்டான்.” “இன்னும் நூறு அடி போயிருக்கணும்.” “தீட்டு வீட்டு ஆள் யாரோ மிதிச்சிருக்காங்க.” ஒவ்வொன்றையும் தனியாக எடுத்தால் சில உண்மையாகவும் இருக்கலாம். பக்கத்து போர் நீரை இழுப்பது நடக்கிற காரியம்தான். சிக்கல் என்னவென்றால், இவற்றில் ஒன்றையும் துளைப்பதற்கு முன்னால் யாரும் சொல்லவில்லை. தண்ணீர் வந்தால் தேங்காய் சொன்னது பலித்தது, வராவிட்டால் குற்றம் வேறு யார் மேலோ. அடிக்கு இவ்வளவு என்று ரிக்குக்குக் காசு கொடுத்தவர் கடனோடு நிற்கிறார், தேங்காய்க்கு மட்டும் ஒரு கீறலும் இல்லை.

இந்த இடத்தில் ஜியாலஜிஸ்ட்டையும் நிறுத்திக் கேட்பதுதான் நியாயம். அவர் காட்டிய இடத்திலும் புகை வந்தால் என்ன சொல்வார்? “களிமண் அடைத்த வெடிப்பாக இருக்கும், களிமண்ணும் மின்தடையைக் குறைத்துக் காட்டும்” என்பார். இதுவும் சாக்குத்தானே?

சாக்கும் விளக்கமும்

பாப்பரின் அளவுகோல் கையடக்கமானது, அழகானது. ஆனால் அதை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றால் நல்ல அறிவியலையும் குப்பையில் போட வேண்டிவரும் என்பது என் எண்ணம். பிரெஞ்சு இயற்பியலாளர் பியேர் டூயெம் 1906-லேயே இதன் முடிச்சைக் காட்டிவிட்டார். எந்தக் கொள்கையும் தனியாகச் சோதனைக்கு வருவதில்லை. கருவி சரி, அளவு சரி, வேறு எதுவும் குறுக்கே வரவில்லை என்ற ஒரு கூட்டமே அதனோடு சேர்ந்து வருகிறது. கணக்கு பொய்த்தால் அந்தக் கூட்டத்தில் யாரோ ஒருவர் மேல் குற்றம். யார் மேல் என்று சோதனை சொல்லாது.

வானியலில் இதற்கு ஓர் அருமையான சான்று இருக்கிறது. யுரேனஸ் கோள் நியூட்டன் கணக்குப்படி போகவில்லை. பாப்பர் வழியில் கண்டிப்பாகப் பார்த்தால் நியூட்டன் தோற்றார் என்று எழுதியிருக்க வேண்டும். யாரும் எழுதவில்லை. கண்ணில் படாத இன்னொரு கோள் அதை இழுக்கிறது என்றார் பிரெஞ்சு வானியலாளர் லெவெரியே. கேட்பதற்கு “பக்கத்து போர்க்காரன் இழுத்துட்டான்” மாதிரியே இருக்கிறது. ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை. அந்தக் கோள் வானத்தில் எந்த இடத்தில் இருக்க வேண்டும் என்று கணக்கிட்டு, பெர்லின் வானாய்வகத்துக்குக் கடிதம் எழுதினார். கடிதம் கிடைத்த அன்றிரவே, 1846 செப்டம்பர் 23 அன்று, யோகான் காலே தொலைநோக்கியைத் திருப்பினார். சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகை தூரத்துக்குள் நெப்டியூன் இருந்தது.

பிறகு புதன் கோளிலும் ஒரு பிசகு தெரிந்தது. அதன் பாதை திரும்புவதில் நூறாண்டுக்குச் சுமார் 43 நொடிக்கோணம் (ஒரு நொடிக்கோணம் என்பது பாகையில் 3600-ல் ஒரு பங்கு) கணக்கில் அடங்கவில்லை. லெவெரியே 1859-ல் அதே வழியில் போனார். சூரியனுக்குப் பக்கத்தில் இன்னொரு கோள் இருக்க வேண்டும் என்றார். வல்கன் என்று பெயர்கூட வைத்துவிட்டார்கள். பல பத்தாண்டுகள் தேடினார்கள். அப்படி ஒரு கோளே இல்லை. 1915-ல் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கைதான் அந்த 43-ஐக் கணக்கில் கொண்டுவந்தது. ஒரே மனிதர், ஒரே உத்தி. முதல் தடவை நியூட்டன் பிழைத்தார், இரண்டாவது தடவை பிழைக்கவில்லை.

இரண்டு தடவையும் அவர் செய்தது நல்ல அறிவியல்தான். தான் சொன்ன காரணத்தை எங்கே போய்ச் சரிபார்க்கலாம் என்றும் சேர்த்துச் சொன்னார். ஹங்கேரியில் பிறந்து லண்டனில் கற்பித்த தத்துவவாதி இம்ரே லகடோஸ் இதைத்தான் அளவுகோலாக வளர்த்தார். அடிபட்ட கொள்கையைக் காப்பாற்றுவதில் தவறில்லை. காப்பாற்றப் போட்ட ஒட்டு, புதிதாக எதையாவது முன்கூட்டிச் சொல்கிறதா என்று பாருங்கள். சொல்லி அது பலித்துக்கொண்டே போனால் கொள்கை வளர்கிறது. ஒவ்வொரு தோல்விக்குப் பின்னாலும் ஒட்டு மேல் ஒட்டு மட்டும் விழுந்தால் தேய்கிறது.

ஆக, ஜியாலஜிஸ்ட் சொன்ன களிமண் விளக்கத்தை இப்படிப் பார்க்கலாம். துளைக்கும்போது மேலே வந்த தூளில் அந்த ஆழத்தில் களிமண் இருந்ததா? இருந்தால் விளக்கம் நிற்கும், அடுத்த தோட்டத்தில் அதே மாதிரி வரைபடம் வந்தால் அவர் எச்சரிக்கையாகப் பேசவும் வேண்டும். இல்லையென்றால் அவர் சொன்னதும் வெறும் சாக்கு, பட்டம் அதைக் காப்பாற்றாது. தீட்டுப் பட்டதால் தண்ணீர் ஓடிப்போனது என்பதை எந்தத் தூளில் போய்ப் பார்ப்பது? என்னைக் கேட்டால் அறிவியலின் அடையாளத்தை இங்கேதான் தேட வேண்டும். பலித்தபோது எல்லோரும் ஒரே மாதிரிதான் பேசுவோம். பொய்த்த மறுநாள் என்ன செய்கிறோம் என்பதில்தான் வழி பிரிகிறது.

மியூனிக் கொட்டகை

பாயிண்ட் பார்ப்பவர்களில் பலர் ஏமாற்றுக்காரர்கள் இல்லை. இதை அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் அவர்கள் கையில் உண்மையாகவே எழும்புகிறது. உள்ளங்கையில் படுத்திருக்கும் தேங்காய் எப்போது வேண்டுமானாலும் உருளக்கூடிய நிலையில் இருக்கிறது. மனதில் ஓர் எதிர்பார்ப்பு வந்தால் தசைகள் நமக்கே தெரியாமல் துளி அசையும் என்பதை வில்லியம் கார்ப்பென்டர் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1852-லேயே விளக்கினார். அந்தத் துளி அசைவு போதும்.

அப்புறம் இன்னொன்று. நாற்பது வருடம் காடு காடாக நடந்தவருக்கு நிலத்தைப் படிக்கத் தெரிந்திருக்கும். எந்த மரம் கோடையிலும் பச்சையாக நிற்கிறது, புற்று எங்கே இருக்கிறது, பள்ளம் எந்தப் பக்கம் சரிகிறது என்று அவர் கண் எடைபோட்டபடியே இருக்கும். பழங்கால அறிஞர் வராகமிகிரரின் பிருகத் சம்ஹிதை என்ற சமஸ்கிருத நூலில் மரங்களையும் புற்றுகளையும் வைத்து நிலத்தடி நீரைக் கணிக்க ஓர் அத்தியாயமே இருக்கிறது. அப்படியானால் அவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தால் பெருமை தேங்காய்க்கா, கண்ணுக்கா? காட்டில் வைத்துப் பார்த்தால் இரண்டும் கலந்தே கிடக்கும். பிரித்துப் பார்க்க ஒரு வழி வேண்டும்.

1987–88-ல் ஜெர்மனியின் மியூனிக் பக்கம் ஒரு கொட்டகையில் அப்படிப் பிரித்துப் பார்த்தார்கள். கீழ்த்தளத்தில், தண்ணீர் ஓடும் குழாய் ஒன்றை வண்டியில் வைத்து, பத்து மீட்டர் நீளத்துக்குள் ஏதோ ஓரிடத்தில் நிறுத்துவார்கள். இடத்தைக் குலுக்கல் முறையில்தான் முடிவு செய்வார்கள். மேல்தளத்தில் குச்சி பிடிப்பவர் நடந்து, குழாய் எங்கே என்று சொல்ல வேண்டும். மரம் இல்லை, புற்று இல்லை, பள்ளம் இல்லை. சுமார் 500 பேரைப் பார்த்து, தேறுவார்கள் என்று தோன்றிய 43 பேரைப் பொறுக்கி, 843 சோதனைகள் செய்தார்கள். பெரும்பாலோர் தேறவில்லை. ஆனால் ஒரு சிலரிடம் தற்செயல் என்று ஒதுக்க முடியாத திறமை தெரிகிறது என்று ஆய்வாளர்கள் அறிவித்தார்கள்.

அமெரிக்க உயிரியலாளர் ஜிம் என்ரைட் 1990-களில் அதே எண்களை எடுத்து மறுபடி அலசினார். சிறப்பாகச் செய்தவர்கள் என்று பொறுக்கப்பட்டவர்களே ஒரு சுற்றில் செய்ததை இன்னொரு சுற்றில் செய்யவில்லை என்று காட்டினார். அவர் கணக்கில் மொத்தமும் குருட்டு ஊகத்தோடு ஒத்துப்போயிற்று. 43 பேரை ஆளுக்குப் பத்து முறை காசு சுண்டச் சொல்லுங்கள். சராசரியாக இரண்டு பேருக்கு எட்டோ அதற்கு மேலோ தலை விழும். அந்த இரண்டு பேரைப் பின்னால் பொறுக்கி எடுத்து வரம் பெற்றவர்கள் என்று சொல்லலாமா? மறுபடி சுண்டச் சொல்லிப் பார்த்த பிறகுதானே சொல்ல வேண்டும்? இந்தச் சோதனையில் என்னை மிகவும் கவர்வது, எண்களை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள் என்பது. அதனால்தான் முடிவில் உடன்படாத ஒருவர் வந்து மறுகணக்குப் போட முடிந்தது.

அடிக்காமல் விட்ட மரங்கள்

பொள்ளாச்சிப் பக்கம் 2016-ல் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ முதன்முதலாகத் தென்னையில் தெரிந்தது. ஓலையின் அடியில் வெள்ளை மெழுகில் சுருள் சுருளாக முட்டையிடும். அது சொட்டும் தேன் போன்ற கழிவில் கரும்பூசணம் படர்ந்து, கீழ் ஓலையெல்லாம் கரி பூசியதுபோல ஆகிவிடும். பதறிப்போன விவசாயிகள் கையில் கிடைத்ததையெல்லாம் அடித்தார்கள். பிறகு நல்ல மழை பெய்தால் ஈ குறையும். குறைந்ததும், தான் அடித்த மருந்துதான் கேட்டது என்று ஒவ்வொருவரும் சொல்வார்கள். ரசாயனம் அடித்தவரும் சொல்வார், வேப்பெண்ணெய் அடித்தவரும் சொல்வார்.

மழையா மருந்தா என்று எப்படித் தெரிந்துகொள்வது? அதே தோப்பில் சில மரங்களுக்கு ஒன்றும் அடிக்காமல் விட வேண்டும். எந்த மரங்களை விடுவது என்று நாமே தேர்ந்தெடுக்கவும் கூடாது. தேறாத மரத்தை விட்டுவிட்டு நல்ல மரத்துக்கு மருந்தடிக்கத்தான் மனசு சொல்லும், கணக்கு அங்கேயே கெட்டுவிடும். குலுக்கிப்போட்டு முடிவு செய்யுங்கள் என்பது புள்ளியியலாளர் ரொனால்ட் ஃபிஷர் இங்கிலாந்தின் ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1919 முதல் வேலை பார்த்தபோது வகுத்த முறை. மருந்து அடிக்காத பாத்தியைக் கண்ட்ரோல் என்பார்கள். இன்று மருத்துவத்தில் புது மாத்திரையைச் சோதிக்கும் குலுக்கல் முறையும் அந்த வயல் பாத்திகளின் வழியில் வந்ததுதான்.

வெள்ளை ஈ விஷயத்தில் இதற்கு இன்னொரு முக்கியத்துவமும் உண்டு. என்கார்சியா என்ற மிகச் சின்னக் குளவி அந்த ஈயின் குஞ்சுகளுக்குள் முட்டையிட்டு அவற்றை அழிக்கிறது. கண்டபடி ரசாயனம் அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. அடிக்காத மரங்களை விட்டுவைக்காதவருக்கு, தன் மருந்தே ஈயைப் பெருக்குகிறது என்பது தெரியாமலே போய்விடும்.

பாறையும் பிடிவாதமும்

அறிவியலாளர்கள் எப்போதும் இவ்வளவு ஒழுங்காக நடந்துகொள்கிறார்களா? இல்லை. அமெரிக்க அறிவியல் வரலாற்றாளர் தாமஸ் கூன் 1962-ல் வெளியிட்ட நூல் இதைத்தான் வெளிச்சம் போட்டது. பெரும்பாலான காலம் அறிவியலாளர்கள் ஒரு கருத்துச் சட்டகத்துக்குள் நின்றுகொண்டு அதன் புதிர்களை அவிழ்க்கிறார்கள். பொருந்தாதவற்றை ஓரமாக ஒதுக்கி வைக்கிறார்கள். ஒதுக்கியது மலையாகக் குவிந்த பிறகு, இன்னொரு சட்டகம் கையில் கிடைத்த பிறகுதான், மாறுகிறார்கள்.

நம் காலடிப் பாறையே இதற்குச் சாட்சி. ஜெர்மன் அறிவியலாளர் ஆல்ஃபிரட் வெகனர் 1912-ல் கண்டங்கள் நகர்கின்றன என்றார். கரைகள் பொருந்தின, கடலுக்கு இருபுறமும் ஒரே புதைபடிவங்கள் கிடைத்தன. நிலவியலாளர்கள் பெரும்பாலோர் ஏற்கவில்லை. இவ்வளவு பெரிய நிலத்தை நகர்த்தும் விசை எது என்ற கேள்விக்கு அவரிடம் நல்ல பதில் இல்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் அவர் இறந்தார். 1960-களில் கடலடியை அளந்து, அது விரிந்துகொண்டே போவதைப் பார்த்த பிறகுதான் துறையே திரும்பியது. இன்று பாலக்காட்டுக் கணவாயிலிருந்து காவிரி வரை கொங்கு வழியாக ஓடும் பாறைப் பட்டையை மடகாஸ்கர் பாறைகளோடு பொருத்திப் படிக்கிறார்கள்.

இதைக் காட்டி, அறிவியலும் ஒரு நம்பிக்கைதான் என்று முடிப்பவர்கள் உண்டு. கூன் அந்த முடிவை ஏற்கவில்லை. வெகனரை மறுத்தவர்கள் கேட்ட கேள்வி நியாயமானது, அதற்குப் பதில் வந்தபோது ஏற்கவும் செய்தார்கள். தாமதம் ஆயிற்று என்பது உண்மை. எதிர்த்தவர்களின் பிடிவாதத்தையும் தாண்டி, யாரும் மறைக்க முடியாத அளவீடுகள் வந்து சேர்வதற்கு அங்கே வழி இருந்தது.

நம் ஊரில் அப்படி ஒரு வழியை ஏற்படுத்திக்கொள்ளலாம். பெரிய செலவில்லை, பஞ்சாயத்துக்கு ஒரு நோட்டுப் போதும். துளைப்பதற்கு முந்தின நாளே எழுத வேண்டும்: இடம் காட்டியவர் தேங்காய்க்காரரா, ஜியாலஜிஸ்ட்டா, எத்தனை அடியில் எத்தனை இஞ்ச் என்றார். துளைத்த பிறகு: எத்தனை அடியில் வந்தது, எத்தனை இஞ்ச், கேசிங் குழாய் எவ்வளவு இறங்கியது, அடுத்த சித்திரையில் நின்றதா. பலித்ததையும் எழுத வேண்டும், பொய்த்ததையும் எழுத வேண்டும். பொய்த்தது ஊர் நினைவில் சீக்கிரம் அழிந்துவிடும்.

இடமே பார்க்காமல் போட்ட போர்கள் ஒப்பிடுவதற்கு வேண்டுமே, காசைக் கொட்டி யார் அப்படிப் போடுவார்கள் என்று கேட்கலாம். ஏற்கெனவே போட்டிருக்கிறார்கள். கோவையிலும் திருப்பூரிலும் எத்தனையோ வீட்டு மனைகளில் வாஸ்துப்படி ஈசானிய மூலையில்தான் போர். அடியில் வெடிப்பு இருக்கிறதா என்று அந்த மூலை பார்ப்பதில்லை. வாஸ்து சரியா தவறா என்ற வழக்கை இப்போதைக்கு ஒதுக்கிவிட்டு, அதை நமக்குக் கிடைத்த கண்ட்ரோலாக எடுத்துக்கொள்ளலாம். ஒரே வீதியில், ஒரே வருடத்தில், மூலை பார்த்துப் போட்ட போர்களையும் தேங்காய் பார்த்துப் போட்டவற்றையும் கம்பி அடித்துப் போட்டவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டே வர வேண்டும். நாலு போரில் ஒன்றும் தெரியாது. நூறு இருநூறு சேர்ந்தால் மூன்றில் எது எவ்வளவு தேறுகிறது என்று பேச ஆரம்பிக்கலாம்.